பெருக்கியதா, பெருக்காததா

கொழும்பிலிருந்து வந்த தாளில் ஓர் எண்:
கம்பி ஒன்றுக்கு ஒன்பது கிலோநியூற்றன்.
கீழே கையொப்பம், திகதி.
வேறொன்றுமில்லை.

கப்பல்துறையில் எங்கள் அலுவலகம் ஒரு தகரக் கொள்கலன்.
ஆடி மாதம். கச்சான் காற்று
கதவைத் தானே திறந்து தானே சாத்துகிறது.
வரைபடத்தின் ஒரு மூலைக்கு அளவுகோல்,
ஒன்றுக்குப் பிளேன்ரீக் கோப்பை,
ஒன்றுக்கு நேற்றுக் கடற்கரையில் வாங்கிய
கச்சான் சுருள்.
காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் நாங்கள்.
கச்சானைக் கச்சானால் அடக்கிவிட்டுக்
கணக்கைத் தொடங்குகிறேன்.

கேன்ட்ரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
இரண்டு கால், ஒரு உத்தரம்.
காட்டுவழியே கோபுரம் கோபுரமாய்க் கைமாறி வந்த கம்பி
கடைசியில் வந்து கட்டிக்கொள்ளும் இடம்.
வழியில் நிற்கும் கோபுரத்தை
முன்னாலும் இழுப்பார்கள் பின்னாலும் இழுப்பார்கள்,
அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்.
கடைசித் தூணுக்குப் பின்னால் யாருமில்லை.

சொந்த எடை சுலபம். இரும்பு பொய் சொல்லாது.
பிறகு காற்று.
நாங்கள் முதலாம் வலயம்.
வீடுகளுக்கு நொடிக்கு நாற்பத்தொன்பது மீற்றர் போதும் என்கிறது நூல்,
இதற்கு ஐம்பத்துநான்கு.
'அனர்த்தத்தின் பின்னும் நிற்கவேண்டியவை' என்றொரு பட்டியல்:
ஆஸ்பத்திரி இருக்கிறது, இது இருக்கிறது,
உவர்மலையில் என் வீடு இல்லை.
அந்த ஐந்து மீற்றருக்குள்தான்
நான் இரவில் நித்திரை கொள்வது.

பிறகு ஆள்.
உத்தரத்தின் நடுவில் நூற்றைம்பது கிலோ வை என்கிறது விதி.
வாசலில் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த நிஸ்தார்
எட்டிப் பார்த்தான்.
"நான் அம்பத்தெட்டு, மிஸ். சாமானோட எண்பது வரும்.
மிச்சம் ஆருக்கு?"
"உங்களை இறக்க ஏறுறவருக்கு."
சிரித்தவன் பாதியில் நிறுத்தினான்.
கச்சான் சுருளிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு
வெளியே போனான்.

பிறகு அறுந்த கம்பி.
ஐந்தில் ஒன்றை அழித்துவிட்டு மறுபடியும் கூட்டவேண்டும்.
ஒன்று போனால் பாரம் குறையும் என்பீர்கள்.
குறையும்தான். ஆனால் உத்தரம் முறுகும்.
போன கம்பி எதையும் இழுக்காது;
இருக்கிற நாலும் இழுப்பதுதான்
கோணலாகிவிடுகிறது.
இந்த ஊரில் இதைப் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

மீண்டும் அந்த ஒன்பதுக்கு வந்தேன்.
பாதுகாப்புக் காரணியால் பெருக்கியதா, பெருக்காததா?
பெருக்கியதை நானும் பெருக்கினால்
அத்திவாரம் ஊதும், சீமெந்து வீண்,
ஓவர்சியர் ஒரு கிழமைக்கு முகம் தரமாட்டார்.
பெருக்காததை நானும் விட்டுவிட்டால்
ஒன்றும் நடக்காது.
நாளைக்கு நடக்காது. பத்து வருடமும் நடக்காது.
ஒரு மார்கழி இரவு வரைக்கும்
ஒன்றுமே நடக்காது.

மூன்றாம் தடவைதான் அபேநாயக்க ரெலிபோனை எடுத்தார்.
கணக்குப் போட்டவர் டோஹாவுக்குப் போய்விட்டாராம்.
தாளைப் புரட்டும் சத்தம். பிறகு
எனக்காகத் தேடியெடுத்த தமிழில்,
"பெருக்கி... இருக்கும்."

நல்ல மனிதர். ஆனால்
அந்த 'இருக்கும்' என்ற சொல்லில் எத்தனை வீதம் 'இருக்கிறது'?
எந்தத் தர உருக்கில்
அதைத் தாங்க ஒரு தூண் செய்வது?

வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.
கடைசிக் கோபுரத்திலிருந்து அறுபது மீற்றர்,
மீற்றருக்கு இவ்வளவு எடை, இவ்வளவு தொய்வு,
அதன்மேல் ஐம்பத்துநான்கில் அடிக்கும் காற்று.
பொழுதுபட்டு, கொள்கலனின் தகரம் ஆறி
டக் டக்கென்று சுருங்கத் தொடங்கியபோது
ஐந்தரை வந்தது.
ஒன்று தசம் ஆறு ஐந்தால் பெருக்கினேன்:
ஒன்பதுக்கு ஒரு துளி மேலே.

டோஹாவில் இருக்கிறவரே,
நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.
ஒரு சொல்லை எழுத மறந்ததில்
என்னுடைய ஒரு பகல் போயிற்று.

அந்த எண்ணின் பக்கத்தில் 'பெருக்கியது' என்று எழுதி
என் பெயரை வைத்தேன், திருவரங்கி.
பேனையை மூடும்போது
வரைபடத்தின் மூலை எழும்பிப் படபடத்தது.
சுருளைத் தூக்கிப் பார்த்தேன்,
நிஸ்தார் ஒரு பருப்பும் மிச்சம் வைக்கவில்லை.